சொற்கிரயம்

சௌடேஸ்வரி நடத்தும் ஆட்டத்தில்
மந்திரம் இலவசமில்லை.
செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிப்பட்டறை மாடி,
இருபது முகப் பகடை.
ஒரு வித்தைக்கு ஒரு சொல்.
செலவழித்ததை அடுத்த சனிக்கிழமை வரை
உச்சரிக்கக் கூடாது, ஆட்டத்துக்கு வெளியேயும்.
மீறினால் உன் மந்திரவாதி ஊமை.

சேர்வராயன் குகையில் கரடி உறுமியபோது
மாதேஷ் 'உப்பு' கொடுத்து வெளிச்சம் வாங்கினான்.
சின்னச் சொல்.
கரடியின் ஒரு பல் மட்டும் தெரிந்தது.
அந்த வாரம் முழுக்க
அவன் வீட்டில் ரசத்தைக் குறை சொல்ல ஆளில்லை.

பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவு.
மலையே பெயர்ந்து எங்கள்மேல் சரிகிறது.
கையில் கனமாக மிஞ்சியிருந்தது ஒன்றுதான்,
வைத்தேன்:
'வேண்டாம்.'

மலை அந்தரத்தில் நின்றது.
சௌடேஸ்வரி பகடையை உருட்டச் சொல்லவில்லை.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
நோட்டில் குறித்துக்கொண்டாள்.

இரவு பதினொன்று, தட்டுவடை செட் கடை.
"காரச் சட்னி இன்னும் கொஞ்சம்?"
வாயைத் திறந்தேன். மூடினேன்.
மூக்கு ஒழுகத் தின்றுகொண்டிருக்கையில்
போனில் சூப்பர்வைசர்:
"மாக்னசைட் லோடுக்கு ஆள் குறையுது தம்பி,
நாளைக்கு ஞாயிறுதான், வந்துடறியா?"

நான் நிறுத்திய மலை
எங்கே வந்து இறங்கியது என்று
இப்போது தெரிகிறது.