பதினேழாம் முளை

எங்கள் கந்தோரின் மட்டமானி மிகப் பழையது.
அதற்குள் உலகம் தலைகீழாகத்தான் தெரியும்.
வானம் கீழே கிடக்கும்,
கொலன்னாவைச் சதுப்பு மேலே தொங்கும்,
அளவுகோலைப் பிடித்திருக்கும் லயனல்
வௌவாலைப் போல் நிற்பான்.
பதினொரு வருடத்தில் பழகிவிட்டது.
எண்ணை மட்டும் வாசிப்பேன்,
மிச்சம் கண்ணில் விழாது.

மாசி மாதம், காலை ஏழரை.
ஒருகொடவத்தைப் பக்கமிருந்து டிப்பர்களின் இரைச்சல்.
முழங்கால்வரை சப்பாத்து, அதற்குள்ளும் சேறு.
பதினாறை முடித்துக் கண்ணாடியைத் திருப்பினேன்.
சிவப்புத் துணி கட்டிய முளை.
அதன் அடியில் காய்ந்த பன்புல் கற்றையொன்று
கண்ணைத் திறந்தது.

"கெஸ்வட்டுவா" என்றான் லயனல், உதடு அசையாமல்.

உள்ளான்.
சேற்றைக் கூரையாக்கித் தொங்கிக்கொண்டிருந்தான்,
அந்தக் கூரைக்குள் நீண்ட அலகை முழுசாய்ச் செருகி.
அலகின் நுனி மட்டும் தனியே திறக்குமாம்,
மண்ணுக்குள் வைத்தே புழுவைப் பிடிக்க.
ஈரம் போனால் அந்த அலகு
வெறும் குச்சி.

நூறு கிராம், மிஞ்சினால் நூற்றிருபது.
ஒரு தேயிலைப் பக்கெட்டின் கனம்.
அதைச் சைபீரியாவிலிருந்து
இருட்டில் தூக்கிக்கொண்டு வருகிறான்.
வழியில் எந்தக் குளம், எந்த வயல், எந்தச் சேறு,
யார் வீட்டு மின்விளக்கு, எனக்குத் தெரியாது.
இறங்கிக் கொஞ்சம் கொழுத்து,
ஏறி அதை எரித்து,
இங்கே வந்து சேர்கிறான். இதற்குத் தெற்கே
பனிக்கட்டி வரைக்கும் கடல்தான்.
கடைசித் தரிப்பில் நின்றுகொண்டு
'இறங்க இடமில்லை, அப்படியே திரும்பு' என்று
எந்தக் கொண்டக்டர் சொல்வான்?

படிவத்தில் ஒரு கட்டம்:
தற்போதைய பயன்பாடு.
வழக்கமாக 'வெற்று நிலம்' என்று எழுதுவேன்.
கை பழகிய சொல், யோசிக்க வேண்டியதில்லை.
வெல்லம்பிட்டியில் என் வீட்டு வாசலைத் தாண்டாத
போன மழையின் வெள்ளம்
எங்கே போய்ப் படுத்தது என்று
அதற்குமுன் நான் யோசித்ததா என்ன?

பேனையை எடுத்து எழுதினேன்:
உள்ளான்.

மத்தியானம் ரஸ்மி சேர் கூப்பிட்டார்.
"யார் உள்ளான்?
அத்துமீறிக் குடியிருக்கிறவனா?"
"போக்குவரத்துக்காரன், சேர்.
ஐப்பசியில் வருவான், சித்திரைக்கு முன் போயிடுவான்."
"உறுதி இருக்கா?"
"இல்லை."
"வாடகை?"
"சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாறான், சேர்."
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பேர்ச் பன்னிரண்டு இலட்சம் போகிற நிலம்.
சொந்தக்காரர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார்.
சேர் சிரித்தாரா இருமினாரா, சரியாகத் தெரியவில்லை.
சிவப்புப் பேனையால் அந்தச் சொல்லை வெட்டினார்,
வெட்டியதற்கு மேலே
வேறெதுவும் எழுதாமல்
கோப்பை மூடினார்.
அது இன்னும் அவர் மேசையில் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

அன்று காலை, பதினேழை அளக்க
லயனல் காலைப் பெயர்த்ததும்
சளக்கென்று ஒரு சத்தம், கிழிந்த துணிபோல் ஒரு குரல்.
பறந்தான்,
இடமும் வலமும் ஒடிந்து ஒடிந்து.
என் கண்ணாடிக்குள் அது
விழுதல்.
சேற்றிலிருந்து கழன்று
கீழே, கீழே,
அடியில்லாத வெளிச்சத்துக்குள் போய்க்கொண்டேயிருந்தான்.
கை தானாக நீண்டது, ஏந்த.

லயனல் கோலை நிமிர்த்திக் காத்திருந்தான்.
கள ஏட்டில் அன்றைய கடைசி வரி இப்படி:
முளை 17. மட்டம் 0.42.
நீர் உண்டு.