பதினான்காம் இலக்கம்

அச்சுவேலிப் பண்ணையிலிருந்து
மோட்டார் சைக்கிளில் வந்த முப்பது முட்டைகளில்
மூன்று கோப்பாய் தாண்டுமுன்னே வெடித்துவிட்டன.
மிச்சத்துக்குப் பென்சிலால் இலக்கம் போட்டேன்.
மை ஓட்டுக்குள் இறங்கும் என்றாள் தர்சாயினி.

மூன்றாம் நாள் பிந்நேரம்.
பதினான்காம் முட்டையில்
முத்திரையளவு ஜன்னல் வெட்டி
நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தோம்.

மஞ்சட் கருவின் மேல் அது துடித்தது.
இதயம் என்று சொல்ல முடியாது,
குழாய்.
வலப்பக்கம் வளைந்து
தன்னைத் தானே எட்டிப் பார்க்கிற குழாய்.
அறைகள் பிரியவில்லை, கதவு ஒன்றும் இல்லை.

பிறகு ஏன் இரத்தம் வந்த வழியே திரும்பவில்லை?

"அந்த இடுக்கைப் பாருங்கோ அண்ணை."

இரண்டு மேடுகள்,
நுங்கின் கண் போலத் தெளிந்த பசை.
ஒவ்வொரு துடிப்புக்கும்
ஒன்றையொன்று அமத்தி
வழியை மூடி
விட்டன.
மூடி
விட்டன.

இனி, அவள் சொன்னாள்,
உட்சுவரில் வரிசையாய் ஒட்டிக் கிடக்கும் கலங்களில் சில
பக்கத்துக் கலத்தின் பிடியை விடும்.
கால் முளைத்த மாதிரிப் பசைக்குள் இறங்கும்.
அங்கேயே குடியிருந்து நார் பின்னும்.
மேலே ஓடுகிற இரத்தம்
உரசி உரசி, இழுத்து இழுத்து
மேட்டை இதழாக்கும்.

தொண்டைமானாற்றுத் தடுப்பணையில்
கதவுகளை மனிசர் செய்து கொண்டுவந்து பூட்டினார்கள்.
துருவேறினால் கடல் உள்ளே வரும்.
இங்கே
ஆறே தன் கதவைச் செய்கிறது.

அவளுடைய கேள்வி வேறு:
ஆற்றைக் குறைத்தால் கதவு என்ன ஆகும்?
அதற்குத்தான் நைலான் நூல்,
தலைமயிரை விட மெல்லியது.
இடது சோணையறையைச் சுற்றி ஒரு முடிச்சு.
பதின்மூன்று முட்டைகளுக்குக் கட்டியாயிற்று.

ஏசி நின்றது, மின்விசிறி நின்றது.
கரண்ட்.

இருட்டில் அவள் கேட்டாள்,
"அண்ணை, உங்கட மணிக்கூடோ இந்தச் சத்தம்?"

நான் மணிக்கூடு கட்டுவதில்லை.

பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடத்தில் அகதியாய்க் கிடந்தபோது
தொண்டை நோ, காய்ச்சல், முழங்கால் வீக்கம்.
பெனிசிலின் கப்பலில் வருகுது என்றார்கள்.
முப்பத்தொரு வயதில் கொழும்பில்
கரித்தட்டு இரண்டு வைத்துத் தைத்தார்கள்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"வால்வு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.
கைபேசி வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தோம்.
சூடு இறங்க இறங்க
அது ஆறுதலாய் அடித்தது,
நிமிடத்துக்கு நூற்றறுபது,
நூற்றுப்பத்து,
பிறகு எண்ணக்கூடிய அளவு.
என்னுடையது மட்டும்
டிக், டிக் என்று
வெட்கமில்லாமல்.

ஜெனரேற்றர் பிடித்ததும்
அவள் நூலை எடுத்தாள்.
வைத்தாள்.
"பதினாலு கட்டாததாய் இருக்கட்டும்.
ஒப்பிடவும் ஒண்டு வேணும்தானே."

இரக்கம் என்று நினைக்கவேண்டாம்.
கட்டாத முட்டைக்கும் எட்டாம் நாள்
போமலின்தான்.

அன்று மெல்லிய சீவலாய் வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தோம்.
கட்டியவற்றில் இடப்பக்கம் சூம்பியிருந்தது,
வழி ஊசித்துளை.
பதினாலில் இரண்டு இதழ்கள்,
இன்னும் தடித்தவை,
அவசரத்தில் கிள்ளிப்போட்ட மா மாதிரி.

வேலை பாதியில் நின்ற இடம்
அப்படியே தெரிந்தது.

பதிவேட்டில் நான் எழுதினேன்:
இல. 14. நூல் இல்லை. இதழ் உண்டு.
செவ்வாய்க்கிழமை எனக்கு கிளினிக்,
இரத்தம் தடிக்கிறதா என்று பார்ப்பார்கள்.
அதையும் பக்கத்தில் குறித்துவிட்டு
பிறகு அழித்தேன்.
பென்சில்தானே.