வேலந்தாவளம் சோதனைச்சாவடி, இரவு அறிக்கை

நேர வரிசையில் எழுதச் சொன்னார் மேலதிகாரி.
2.10 லாரி வந்தது.
2.25 சீட்டு கேட்டேன்.
3.40 ஓட்டுநர் சைதலவி டீக்குப் போனார்.
கன்று செத்தது பதினோராம் வரியில்,
டீக்கும் கையெழுத்துக்கும் நடுவே.

கிழித்தேன்.

காரணத்தில் தொடங்கினால்
மங்கிய முத்திரை, அதைக் குத்தியவன்,
மையில் தண்ணீர் கலந்தவன் என்று
பொள்ளாச்சிச் சந்தைவரை
பின்னாலேயே போகிறது வாக்கியம்.

இடவாரியாக?
முன்னால் எருமைகள் ஏழு,
நடுவில் வைக்கோல்,
கடைசியில், குட்டைக் கயிற்றில்
அங்கே நின்றுவிட்டது பேனா.

பாலக்காட்டுக் காற்று
தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தது.

நாலாவது தாளின் முதல் வரி:
கயிறு இரண்டடி. தண்ணீர்த் தொட்டி பத்தடி தள்ளி.
நேரங்களை ஓரத்தில் குறித்தேன், சின்னதாக.
அடுத்த வரியில் என் பெயர்:
அந்தச் சீட்டை ஒன்றரை மணி நேரம்
விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள்.