முப்பதாம் தேதி

கொல்லன் யோன்ஸ் நாற்பது வருஷமாகப் புலம்புகிறான்,
நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான்
அவன் நாள் வருகிறதாம்.
வரட்டும்.
வருகிறதல்லவா.

நான் பிறந்தது பிப்ரவரி முப்பது.
சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.
ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டில்
சுவீடன் தேசத்தில் மட்டும்
அப்படியொரு வெள்ளிக்கிழமை இருந்தது.
அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஸ்டாக்ஹோமில் இருப்பவர்கள்
பஞ்சாங்கத்தில் மிகுந்துபோன நாட்களை
ஒவ்வொன்றாக, வலிக்காமல்
எடுத்துவிடலாம் என்று பார்த்தார்கள்.
முதல் நாளை எடுத்தார்கள். போர் வந்தது.
போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று
எண்ணவே ஆளில்லை,
நாளை யார் எண்ணுவது?
பன்னிரண்டு வருஷம் கழித்து
இரவல் வாங்கிய மாவைத் திருப்பித் தருவதுபோல்
எடுத்ததைக் கொண்டுவந்து வைத்தார்கள்.
மாவுக்குள் நான் இருந்தேன்.

முந்தின நாள் இருபத்தொன்பது.
யோன்ஸுக்கு நாலு வயது.
காய்ச்சலில் மூன்று பிள்ளைகளைக் கொடுத்த அவன் அப்பா
இவன் தங்கிவிட்டான் என்று
பார்லிக் கஞ்சியில் வெண்ணெய் மிதக்க விருந்து வைத்தார்.
மருத்துவச்சி கெர்ஸ்டின் அங்கிருந்துதான் வந்தாள்.
விடியும் வரை அம்மா கத்தியிருக்கிறாள்.
வெண்ணெய் வாசனைக் கையில்
வழுக்கி விழுந்தேன் என்பாள் கெர்ஸ்டின்,
குடித்திருக்கும்போது.

ஞானஸ்நானப் புத்தகத்தில் பாதிரியார்
முப்பது என்று எழுதினார்.
அடுத்து வந்தவர் அதைப் பிழை என்று அடித்து
மார்ச் ஒன்று என்றார்.
அம்மா பனியில் நடந்துபோய் நின்றாள்.
எனக்கு எழுதத் தெரியாது ஐயா,
எண்ணத் தெரியும்.
அவர் பழையபடி முப்பது போட்டார்.
மூன்று வரி எனக்கு அந்தப் புத்தகத்தில்,
கப்பல்காரருக்கே ஒன்றுதான்.

பிறந்தநாளை அம்மா எங்கும் வைக்கவில்லை.
என்றோ ஒரு காலையில்,
மே மாதமோ, அறுவடை முடிந்தோ,
ஒரு வருஷம் இரண்டு தடவைகூட,
'இன்று நீ மீனுக்கு உப்பிட வேண்டாம்' என்பாள்.
அதுதான் தேதி.
அப்பாவின் ரெஜிமெண்டிலிருந்து
அவர் பூட்ஸ் மட்டும் வந்த வருஷம்
சொல்லவே இல்லை.
இரண்டு கை விரலும் உப்பில் வெடிக்க வெடிக்க
அடுக்கினேன் மீனை.
கேட்கவில்லை.

இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.
இந்த முறை ஒரே வெட்டு.
பிப்ரவரி பதினேழில் தூங்கினால்
மார்ச் ஒன்றில் விழிக்க வேண்டுமாம்.
பிரசங்க மேடையிலிருந்து வாசித்ததும்
கோயிலே எழுந்து நின்றது.
பதினோரு நாள் கூலி என்ன ஆவது?
குத்தகையில் குறைப்பார்களா?
முட்டையிடும் கோழிக்கு யார் சொல்வது?
எனக்குச் சிரிப்பு வந்தது,
சால்வையைக் கடித்துக்கொண்டேன்.

பதினேழின் இரவில் யோன்ஸ் வந்து கதவைத் தட்டினான்.
தாடியில் பனி, கையில் தொப்பி.
'மாலின், என் நாளும் போய்விட்டதா?'
'இந்த வருஷம் உனக்கு நாளே கிடையாது, முட்டாள்.
இல்லாததை எப்படி எடுப்பார்கள்?'
விரல்விட்டு எண்ணினான். ஆமாம் என்றான்.
ஆனாலும் போகவில்லை.
நாற்பத்தைந்து வயது ஆள்,
அடுப்போரம் குந்தி
பூட்ஸில் உருகும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

'நாளைக்கு உலை மூட்டாதே' என்றேன்.
'ஏன், நாளைக்கு என்ன?'

உப்புப் பீப்பாயை மூடினேன்.