வந்தால், வந்ததும்

ராணிப்பேட்டை சிப்காட்டில்
ஷூவின் மேல்தோல் மட்டும் தைக்கிற கம்பெனி.
அடிப்பாகம் வேறு நாட்டில் ஒட்டுவார்கள்.
கால் எந்த நாட்டில் என்று எனக்குத் தெரியாது.
நான் மெயில் அனுப்புகிறவள்.

இஃப் த ஆர்டர் வில் கம், என்று அடித்தேன்.
கம்ப்யூட்டர் வில்லின் அடியில்
நீலத்தில் நெளிநெளியாய்க் கோடு போட்டது.
அழித்தேன். கோடு போய்விட்டது.
வரப்போகிற ஆர்டரில் இருந்த
வரப்போவதும் கூடவே போய்விட்டது.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம்
தொண்ணூறு ரூபாய்க்கு ஓர் இலக்கணப் புத்தகம்.
ஏழு நாற்பது பஸ்ஸில்
மேல்விஷாரம் தாண்டும்வரை நின்று,
ஆற்காட்டில் சீட் கிடைத்தபின் மடியில் விரித்தால்:
இஃப், வென், பிஃபோர், ஆஃப்டர், அன்டில்,
இந்த ஐந்து வாசலிலும் வில் ஏறக் கூடாதாம்.
நாளை நடப்பதை
இன்று நடப்பதாகத்தான் சொல்ல வேண்டுமாம்.
வில் காற்புள்ளிக்கு அந்தப் பக்கம்
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்.
உதாரணம்: மழை பெய்தால் குடை எடுத்துப் போவேன்.
எழுதியவர் வேலூருக்கு வந்ததில்லை.
இங்கே குடை வெயிலுக்கு.

பஸ் பாலத்தில் ஏறியபோது
பாலாறு கரையிலிருந்து கரைவரை மணல்.
தண்ணீர் வந்தால், என்று சொல்லிப் பார்த்தேன்.
வந்தால். உள்ளே 'வந்த' இருக்கிறது.
பெய்தால். உள்ளே 'பெய்த'.
கிடைத்தால், கிடைத்த.
இருபத்தொன்பது வருஷம் பேசியும் கவனிக்கவில்லை,
நம் மொழி
நடந்து முடிந்ததாக வைத்துக்கொண்டுதான்
ஆசைப்படவே ஆரம்பிக்கிறது.
வரும் வரை, வருவதற்கு முன்
என்று காத்துக் கிடக்கும்போது மட்டும்
எதிர்காலத்தைத் தொடவிடுகிறது.
முத்துக்கடை வந்துவிட்டது. இறங்கினேன்.

மார்ச்சில் மூன்றாம் லைனை நிறுத்தினார்கள்.
நாற்பத்தொரு பெண்கள்.
பையருக்கு நான் எழுதியது இஃப்.
பெண்களுக்குச் சொல்லச் சொன்னது வேறு.
"வந்தான்னு சொல்லாதீங்க,
வந்ததும்னு சொல்லுங்க" என்றார் எச்.ஆர். தயாபரன்
தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே.
ஆல் என்று முடிப்பதற்கும்
உம் என்று முடிப்பதற்கும் நடுவில்
நாற்பத்தொரு வீட்டு வாடகை.

சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன்.
ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம்.
ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம்.
ஒருத்தி தேதி கேட்டாள்.
ஒருத்தி யாரையோ திரும்பிப் பார்த்து
"வந்ததுமாம்!" என்று சத்தமாகச் சொன்னாள்.
அங்கே ஏதோ பாத்திரம் கீழே வைத்த ஓசை.
பன்னிரண்டாவது பெயருக்கு மேல்
என் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

ஜூனில் பையரின் பதில்:
முடிவெடுத்த உடனே தெரிவிப்போம்.
இரண்டு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை.
வில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.
அதைத் தவிர
அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லை.

அன்று ராத்திரி
சத்துவாச்சாரி வீட்டு மொட்டைமாடிக்குப் போய்
பச்சையம்மாளுக்கு அடித்தேன்.
மகள் காதுகுத்துக்கு
மெஷினை நிறுத்திவிட்டு வந்து எனக்குப் பத்திரிகை வைத்தவள்.
அக்கா, அன்னைக்கு வந்ததும்னு சொன்னேன்.
அது வந்ததும் இல்ல. வந்தா.
அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது.

"இன்னாத்துக்கு ஹெப்சி இதப் போயி
ராத்திரில சொல்ற?
வாயில வந்ததும்னு சொன்ன,
தொண்டைல வந்தான்னுதான் இருந்துச்சு.
மறுநாளே ஆஸ்பத்திரில
கூட்டுற வேலைக்கு சேந்துக்கினேன்.
அது கெடக்கட்டும்,
என் பி.எஃப். பணம் எப்ப வரும்?"

அந்த அத்தியாயத்தின் கடைசியில்
பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
கேள்வி கேட்கும்போது மட்டும்
வென் பக்கத்தில் வில் நிற்கலாம்.