மூன்றாம் சாட்சி

பாத்கென் தாண்டியதும் தார் தீர்ந்துவிடும்.
எர்மெக் கல்லுக்குக் கல் அனுமதி கேட்டு
ஜீப்பை ஓட்டுவான்.
என் மடியில் கோப்புகள்,
கோப்புகளின் மேல் ரொட்டி,
ரொட்டியின் மேல் அலுவலக முத்திரை,
அது உருண்டுவிடாமல் என் கை.

சலோமத்தின் வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்.
பிறந்தது அந்தப் பக்கம்.
பத்தொன்பது வயதில்
சீதன மெத்தைகளோடு பலகைப் பாலத்தில் நடந்து வந்தாள்.
அப்போது அது வெறும் வாய்க்கால்.
எல்லை பிறகு வந்தது.
அவளைவிட இளையது,
ஆனால் அதனிடம் காகிதம் இருந்தது.

பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் காட்டினாள்:
சிவப்பு அட்டை, அரிவாள், சுத்தியல்,
உள்ளே பின்னல் அடர்ந்த ஒரு பெண்.
அதைக் கொடுத்த நாடு செத்து
முப்பது வருடத்துக்கு மேலாகிறது.
செல்லாது என்று சொல்வது என் வேலையில்லை.
சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் சொன்னவர்கள்
ஏற்கெனவே நிறையப் பேர்.

பதினேழாம் கேள்வி:
இங்கே தொடர்ந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி?
கணவனின் கல்லறை இருக்கிறது,
அதில் அவன் பெயர் மட்டும்.
மகளைக் கடைசி வகுப்புப் பரீட்சைக்குச்
சேர்த்துக்கொள்ளாத பள்ளிக்கூடம் இருக்கிறது.
சட்டம் கேட்பது மூன்று சாட்சி.

மாவு மில்காரர் வந்தார். பிரசவம் பார்த்த நர்ஸ் வந்தாள்.
மற்றபடி, தெரிந்தவர்களில் பாதி
ரஷ்யாவில் கட்டடம் கட்டுகிறார்கள்,
மீதி மண்ணுக்குள்.
எதிர்வீட்டில்? என்றேன்.
சலோமத் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தண்ணீர்த் தகராறு," என்றான் எர்மெக், என் காதுக்குள்.

துர்சுனாய் கதவைத் திறக்கவில்லை.
பலகை இடுக்கு வழியே ஒரு கண்ணும்
"அந்த மடைதிருடிக்கா?" என்ற குரலும்.
நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் ஜீப்பைக் கிளப்பும்போது
மண்வெட்டியோடு வந்து முன்னால் நின்றாள்.
"எழுது.
இருபத்தாறு வருடமாக
என் முறைத் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிறாள்.
தொண்ணூற்றெட்டில் என் வெங்காயம் காய்ந்தது.
இரண்டாயிரத்து மூன்றில் நான் அவள் மண்டையை உடைத்தேன்.
முக்காட்டை விலக்கிப் பார், தழும்பு இருக்கும்.
நடுவில் ஒரே ஒரு வருடம் அவள் இங்கே இல்லாதிருந்தால்
அந்த வருடம் நான் தூங்கியிருப்பேன்.
தூங்கவில்லை. எழுது."

எழுதினேன்.
அடுத்த கட்டம்: விண்ணப்பதாரருக்கு என்ன உறவு?
பேனா சற்று நின்றது.
அண்டைவீட்டார் என்று போட்டு, படித்துக் காட்டினேன்.
"அது போதாது," என்றாள்.
போதாதுதான்.
மண் ஒட்டிய விரல்களால் கையெழுத்திட்டாள்.
வாசலில் சலோமத்தின் கை
தானாக நெற்றிக்கு மேலே போயிற்று.

ஏழு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது.
கொண்டுபோன அன்று தண்ணீர்முறை துர்சுனாயுடையது.
மடை யார் பக்கம் திறந்திருந்தது என்று
நான் பார்க்கவில்லை.
அதுவும் என் வேலையில்லை.

இன்னும் மேசையில் கிடப்பது தோக்தோசுனின் கோப்பு.
நாற்பது கோடையாக
மலைமேல் மற்றவர்களின் ஆடுகளை மேய்க்கிறான்.
கடன் வாங்கியதில்லை.
யாருடைய தண்ணீரையும் தொட்டதில்லை.
நல்ல மனுஷன் என்கிறார்கள் எல்லோரும்.
எப்போது வந்தான் என்று கேட்டால்
தோளைக் குலுக்குகிறார்கள்.

நேற்று அவனிடமே கேட்டேன்:
யாராவது உங்களை அடித்திருக்கிறார்களா,
திட்டியாவது?
நெடுநேரம் யோசித்தான்,
எனக்கு உதவ வேண்டுமே என்று.
"ஒரு நாய் கடித்தது," என்றான்.
கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினான்.

எந்த வருடம் என்று கேட்டு
எழுதிக்கொண்டேன்.