மூன்று புள்ளி இரண்டு

எட்டு வீடுகள். ஒவ்வொன்றும் பதினாலாயிரம்.
விலை நாலு கோடியே இருபது லட்சம் சொல்கிறார்கள்.
வகுத்தால் ஆண்டுக்கு
நூற்றுக்கு மூன்று புள்ளி இரண்டு.
வங்கியில் போட்டுவிட்டுத் தூங்குங்கள் சார் என்று
ஒரே வரியில் முடித்துவிடலாம்.
இருபது பக்கத்துக்குப் பேசி
பாதிக் காசு வாங்கியாயிற்று.

கக்கதாசபுரா. ரயில்வே கேட் மூடியிருக்கிறது.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நேரம் குறிக்கிறேன்.
பதினொரு நிமிடம்.
தினம் இரண்டு முறை பதினொரு நிமிடம் என்றால்
வாடகையில் எழுநூறு ரூபாய் உதிரும்.

தரகர்களை நான் கேட்பதில்லை.
கம்பத்தில் தொங்கும் டூ-லெட் அட்டைகளைப் படிப்பேன்.
மை கரைந்திருந்தால் ஒரு மழைக்காலமாய் ஆளில்லை.
பசை காயாமலிருந்தால் நேற்றுதான் யாரோ
ஊரைவிட்டுப் போயிருக்கிறார்கள்.
இஸ்திரி வண்டியில் மூட்டைகளை எண்ணுவேன்.
எட்டு வீட்டுக்கு ஆறு மூட்டை,
மீதி இரண்டில் ஒன்று காலி,
இன்னொன்றில் கசங்கிய சட்டையோடு
வேலைக்குப் போகிறவன்.
மார்ச்சில் எத்தனை லாரி தண்ணீர் என்று
லாரிக்காரர் முனிராஜுவுக்குத் தெரியும்,
உரிமையாளருக்குத் தெரியாது,
தெரிந்தாலும் சொல்லமாட்டார்.

மூன்றாம் மாடியில் ரூபாலி போரா,
இரவுப் பணி முடிந்த நர்ஸ்,
பாதித் தூக்கத்தில் கதவு திறந்தாள்.
விற்கப் போகிறார்களா?
இல்லை, சும்மா சர்வே.
(சர்வேதான். பொய் பாதிதான்.)
பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறாளாம்.
போகும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாதம் பிடிப்பார்களாம்.
வரும்போது அடித்தார்களா?
சுவரைக் காட்டினாள்.
முன்பு இருந்தவர்களின் குழந்தை
எந்த மாதம் எவ்வளவு உயரம் என்று
பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன.

கீழே, மாடிப்படிக்கு அடியில்
தண்ணீர் மோட்டார்.
மோட்டாருக்குப் பக்கத்தில் யாத்கிர் பசலிங்கப்பா,
அவர் மனைவி, இரண்டு தட்டு, ஒரு டிரங்குப் பெட்டி,
கணக்கு நோட்டோடு ஒரு பெண்.
லேசர் மீட்டரை அழுத்தினேன்.
சிவப்புப் புள்ளி அவள் நோட்டில் விழுந்தது.
பூச்சி என்று நினைத்து
உள்ளங்கையால் மூடினாள்.
தூரம் தவறாகக் காட்டியது.
கையை எடும்மா என்று சொல்லி
மறுபடி அளந்தேன்.

எழுபத்தெட்டு சதுர அடி.
இதையும் வாடகைக்கு விடலாம்,
பெட்டிக்கடைக்கோ கூரியர்காரனுக்கோ,
மூவாயிரத்து ஐந்நூறு வரும்.
பெருக்கிப் பார்த்தேன்:
துல்லியமாக மூன்று புள்ளி மூன்று.
ஒரு குடும்பத்தைத் தூக்கி வெளியே வைத்தால்
தசமத்துக்குப் பின்னால் ஓர் எண் நகர்கிறது.

அறிக்கையில் 'மோட்டார் அறை' என்று எழுதினேன்.
இரக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.
அவர்கள் போனால் கேட்டுக்கு ஓர் ஆள்,
படிக்கட்டுக்கு ஓர் ஆள்,
எப்படிச் சுருக்கினாலும் மாதம் பன்னிரண்டாயிரம்.
அப்போது மூன்றுக்கும் கீழே போய்விடும்.
இந்தக் கட்டடத்தின் லாபமே
சம்பளம் எழுதாத அந்த எழுபத்தெட்டு சதுர அடிதான்.
பக்கம் பதினாறில் இதை எழுதி
அழித்துவிட்டேன்.

இரவு பத்தேகாலுக்கு மஸ்கட்டிலிருந்து அழைப்பு.
ஜயப்பிரகாஷ் ஹெக்டே கண்ணாடி போட்டுப் படிப்பவர்.
படம் நாற்பத்திமூன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
கொடியில் நீல யூனிபார்ம் காய்கிறது,
உங்கள் மோட்டார்
எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது?

ஹலோ, ஹலோ என்றேன்.
கேட்டில் நிற்கிறேன் சார்,
ரயில் போகிறது, ஒன்றும் கேட்கவில்லை,
காலையில் பேசலாம்.

ஆஸ்டின் டவுனில் என் வாடகை வீட்டுச் சமையலறை.
குழாயைத் திருப்பி
சத்தமாக ஓடவிட்டேன்.